ஏரிக்குப் போன மாமா

மலையேறிய மாமாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ சுவிட்சர்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாய் என்றுதான் தெரு முழுக்க அளந்து வைத்திருக்கிறேன். டூர் கும்பலுக்குச் சாம்பார் வைக்கப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. பனிமலை, ஏரி என்று நீ அனுப்பும் படத்தில் கரண்டி தெரியாமல் பார்த்துக்கொள்.

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அடுத்த கும்பலுக்குச் சமைக்க வருகிற அசோகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று அடையாற்றங்கரை வீடுகளைக் கணக்கெடுக்க ஓர் ஆபீசர் வந்தார்.

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"ஏரியாண்ட கீறாரு சார்."

"எந்த ஏரி, வேளச்சேரியா?"

"சுவிஸ் ஏரி சார்."

அவர் சிரிக்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள அவர் வந்து கைரேகை வெக்கணும். இல்லாட்டி உங்களுக்கு மாத்து வீடு கெடையாது."

நீ பயப்படாதே. நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். பாத்திரங்களை மூட்டை கட்டியது சும்மா, பொழுது போகாமல்தான். சீக்கிரம் வா. வந்து இறங்கியதும் எனக்கு போன் போட்டுவிட்டு, அப்புறம் வீட்டுக்குக் கிளம்பு.

இடிக்கப்போகும் வீடுகளுக்கு நம்பர் எழுதினார்கள். நம் சுவரில் உன் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பெயிண்டர் அதை நகர்த்தவில்லை. முதல் இரண்டு எண்கள் வேட்டியில் இருக்கின்றன. கடைசி எண் சுவரில் இருக்கிறது.

இங்கேயே இருக்கிற
உன் பொண்டாட்டி