என் பெயரில் வந்த மெயிலைத் திறக்காதே

கிழக்குக் குடா, நியூஃபவுண்ட்லாந்து
மார்ச் 9

என் வாத்துக்குஞ்சு எல்ஃப்ரீடாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் சொந்தக் கையால், சமையலறை மேசையில், பென்சிலால். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அடுப்பு நன்றாக எரிகிறது, குடாவில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை. அந்த வடக்குக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்குகிறாய் என்றே நம்புகிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயரில் உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். பழைய படங்கள் கிடைத்தன, திறந்து பார் என்று இருக்கும். திறக்காதே. அதை நான் அனுப்பவில்லை. நீ சின்ன விமானத்தில் ஊர் ஊராக ஊசி போடப் போயிருக்கிறாய், மூன்று வாரம் ஆகும் என்று உன் அறைத்தோழி போனில் சொன்னாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆனால் அவள் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்துபோகிறவள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ திரும்பியதும் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் மெயில் பார்ப்பாய், அப்பா பெயர் இருந்தால் அதைத்தான் முதலில் திறப்பாய். அதில்தான் நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தத் தாள், உன் மேசைமேல் முதலில் இருக்கட்டும்.

நடந்ததைக் கேள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் பன்னிரண்டு நாளுக்குள் எனக்கு ஒரு மெயில் வந்தது, புதிதாக எழுத்துப் படிக்கிறவர்களுக்கு இலவசச் சொல் விளையாட்டு என்று. எனக்கா சந்தோஷம், சொல்ல முடியாது. எழுபத்திரண்டு வயதில் யாரும் படித்துக் காட்டாமல் நானே முழுதாகப் படித்த மெயில் அது. திறந்தேன். உள்ளே வந்து உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய அனுமதிப்பீர்களா என்று கேட்டது. நம்ம ஊரில் அந்தப் பன்னிரண்டு நாளும் முகத்தில் திரை கட்டிக்கொண்டு வேஷக்காரர்கள் வந்து கதவைத் தட்டி, உள்ளே விடுவீங்களா என்று கேட்டால் நாம் மாட்டோம் என்போமா? யார் என்று தெரியாமல்தானே உள்ளே விட்டு, கேக்கும் கொடுத்து, அப்புறம் யார் என்று கண்டுபிடிப்போம், சரியாகச் சொன்னால்தான் திரையை எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டேன். விளையாட்டு உண்மையாகவே நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தினமும் விளையாடினேன். அதன் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டு இன்னொருத்தன் வந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு கம்ப்யூட்டர் நத்தையாய் ஊர்ந்தது. அதன் விசிறி என் பழைய படகு மோட்டார் மாதிரி இரைந்தது. வைரஸை விரட்டும் காவல் நிரல் தானாகவே அணைந்து கிடந்தது. வயதாகிவிட்டது போல, என்னைப் போல, என்று விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரன் லீவை வந்து, கதவைக்கூடச் சாத்தாமல், "ஏய்யா அசரியா, உன் பேர்ல எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. ஒரு எழுத்துப் பிழை இல்ல. அப்பவே தெரிஞ்சுது, அது நீ இல்லன்னு!" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகவரிப் பட்டியலில் இருந்த பதினொரு பேருக்கும் அது போயிருந்தது. முதல் பெயர் உன்னுடையது.

எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் நூலகத்து துருசில்லாவைக் கூப்பிட்டேன். பூட்ஸைக் கழற்றுமுன்பே இணைய ஒயரைப் பிடுங்கினாள். "மொதல்ல வாசலச் சாத்து. அப்புறம் உள்ள இருக்கறவனத் தேடலாம்" என்றாள். இதற்குப் பெயர் ட்ரோஜனாம். அது தானாக நுழையாது, நல்ல பொருள் மாதிரி வேஷம் போட்டு நம்மையே கதவைத் திறக்க வைக்குமாம். நூலகக் கம்ப்யூட்டரில் துப்புரவு நிரல் ஒன்றை பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தாள். என் கம்ப்யூட்டரைப் பாதி உறக்கத்தில் எழுப்பினாள். அவசியமானவை மட்டும் விழித்திருக்குமாம், திருடனுக்கு எழுந்திருக்க வழி இருக்காதாம். தேடியதில் நான்கு பேர் அகப்பட்டார்கள். கூண்டில் அடைத்து, பிறகு அழித்தாள். விளையாட்டை என்னையே நீக்கச் சொன்னாள், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மறுபடி எழுப்பித் தேடினால் இன்னும் ஒருத்தன்! மூன்றாம் முறைதான் சுத்தம். மறுபடி தலைகாட்டினால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றாள். நான் தட்டுவதையெல்லாம் அவன் எட்டிப் பார்த்திருக்கலாம் என்பதால் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நூலகத்தில் இருந்தே மாற்றினோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது கண்ணு. எழுத்துப் படிக்கப் போனதால்தானே இந்த வம்பு, பேசாமல் இருந்திருக்கலாம் என்று துருசில்லாவிடம் சொல்லிவிட்டேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், படிக்கத் தெரியாதவன ஏமாத்த எவனும் மெயில் போட மாட்டான். இப்பத்தான் நீ நெஜமா படிச்சவன். மூக்கத் தொடச்சுக்கோ" என்றாள். அப்புறம்தான் பென்சிலை எடுத்தேன்.

ஒருவேளை நீ முன்பே திறந்திருந்தால் மறைக்காதே. ஒயரைப் பிடுங்கு, அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் உடனே சொல். திட்டினால் திட்டட்டும், அப்பா செய்த தப்புதான் என்று சொல்லிவிடு. ஒன்பது வயதில் நீ அம்மாவின் ஜன்னல் திரையை முகத்தில் கட்டி, என் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, குரல் அடையாளம் தெரியாமல் இருக்க மூச்சை உள்ளே இழுத்துப் பேசியபடி, வேஷக்காரியாக இந்த அடுப்பங்கரைக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? உன் கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி மூன்று முறை தப்பான பேர் சொன்னேன், நீ சந்தோஷப்பட வேண்டும் என்று.

அப்பாவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, இதுவரை அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அதனால் இந்தத் தாளின் பின்பக்கம் என் இடது கையை வைத்துச் சுற்றி வரைந்திருக்கிறேன். வலை இழுக்கிற பொறி கடித்த சுண்டுவிரல் பாதியோடு நிற்பதைப் பார். உன் கையை அதன்மேல் வைத்துப் பார்.

கர்த்தர் உன்னையும் உன் விமானத்தையும் காப்பாராக. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். மெயிலைத் திறக்காதே.

கண்டுபிடித்துவிட்டாயா? சரி, திரையை எடுக்கிறேன்.

உன் அப்பா
அசரியா