மாடு திரும்பி வரும் படம்

பக்கத்து வீட்டில் பருத்திக்கொட்டை ஆட்டுகிறார்கள். தை பிறக்கப் போகிறதல்லவா, காளையைத் தேற்றுகிறார்கள். அந்தப் பால்வாடை சுவர் தாண்டி அடுப்படிக்குள் வந்ததும் உங்கள் படம் ஞாபகம் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது.

நீங்கள் எடுத்தது ஒரே ஒரு படம். வாடிவாசலில் அவிழ்த்துவிட்ட காளை யார் கைக்கும் சிக்காமல் ஓடிக் காணாமல் போகிறது. அதை வளர்த்த பெண்ணும், வழியில் அவளிடம் மாட்டிக்கொண்ட ஒருத்தனும் ஓட்டை மொபெட்டில் விராலிமலையிலிருந்து அரிமளம் வரை தேடி அலைகிறார்கள். விழுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், தேடுகிற சாக்கில் காதலும் வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் இப்படி மாடு தேடிப் போகிறவர்கள் எல்லா ரோட்டிலும் உண்டு என்பதால் எனக்குக் கதை பிடித்திருந்தது.

விமர்சனங்களை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டினீர்கள். நாயகனைவிடக் காளை நன்றாக நடித்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முடிவைத்தான் எல்லோரும் கிழித்திருந்தார்கள். எங்கெங்கோ தேடியும் கிடைக்காத மாடு தானாக வந்து வாசலில் நிற்கிறதாம், இயக்குநர் நம் காதில் பூச்சுற்றுகிறார் என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் நாயகியைப் பாராட்டியிருந்தார். இந்தப் பெண்ணைக் கற்பனை செய்திருக்க முடியாது, எங்கோ பார்த்திருக்கிறார் என்று. அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். அன்றோடு போனது என் தூக்கம்.

“யாருங்க அவ?”

“அப்படி ஒருத்தி இருந்திருந்தா படம் இவ்வளவு மோசமாவா வந்திருக்கும்?”

இப்படிச் சொல்லியே தப்பித்தீர்கள். அவள் விசிலடிக்கிறாள், சுவரேறிக் குதிக்கிறாள், நாயகனைக் கூறுகெட்டவனே என்கிறாள். எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை. எதிரே மாடு வந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள் நான். அவள் நானில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

தயாரிப்பாளர் அந்த முடிவை மாற்றச் சொன்னார். நானும் கெஞ்சினேன். புடவை நிறத்திலிருந்து வீட்டு வாசற்படி வரை நான் சொல்லி நீங்கள் மாற்றாதது கிடையாது, இதற்கு மட்டும் மசியவில்லை. “மாடு வந்தாகணும்” என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். அதற்கப்புறம் ஒருவரும் உங்களுக்குப் படம் தரவில்லை. கீரனூரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுத்தே காலத்தை ஓட்டினீர்கள்.

இப்போது பாருங்கள், நீங்கள் போன பிறகு உங்கள் படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். செல்போனில் பார்த்துவிட்டு, காலத்தை மீறிய படம், அந்த முடிவு ஒரு கவிதை என்று எழுதுகிறார்கள். போன ஞாயிறு விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாடு வாசலில் வந்து நின்றபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். கேட்க நீங்கள் இல்லாதபோது வந்து தட்டுகிறார்களே என்று அவர்கள் மேலும் எரிச்சலாக இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“படம் முடிஞ்சிருச்சா? பஸ்ஸு லேட்டு. நீங்கதான அண்ணன் வீட்டுக்காரவுங்க?”

அண்ணன் என்றாள். இருந்தும் படத்தில் வந்தவள் இவள்தான் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“எங்க மாடு காணாமப் போன வருசம் வேடிக்க பாக்க வந்தவரு மதினி. நான் அழுகுறதப் பாத்துட்டு, ஏறும்மான்னு வண்டியில வச்சு ஊரு ஊரா கூட்டிப் போனாரு. அங்கிட்டுப் பாத்தாங்க, இங்கிட்டுப் பாத்தாங்கன்னு எவன் சொன்னாலும் போவோம். அவரக் கூறுகெட்டவனேன்னுகூட ஏசிப்புட்டேன்.” சிரித்தாள். பிறகு தணிந்த குரலில், “கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல. படத்துல கெடைச்சிருதா மதினி?” என்றாள்.

எதற்காக அப்படி அடம்பிடித்தீர்கள் என்று இத்தனை வருடம் கழித்து அந்த மண்டப வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

“கெடைச்சிருது. தானா வந்து வாசல்ல நிக்குது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல மாடு மதினி அது,” என்றாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் மனது ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். முன்பைவிட இப்போதுதான் அதிகமாக எரிகிறது. நீங்கள் அவளைக் காதலித்திருந்தால்கூட இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். யாரோ ஒருத்தி அழுதாள் என்பதற்காக உங்கள் பிழைப்பையே பணயம் வைத்து அவள் மாட்டை வீடு சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பொறாமையை நான் விடுவதாக இல்லை, உங்களுடையதென்று என்னிடம் மிச்சமிருப்பதில் அதுவும் ஒன்று.

எனக்கும்தான் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஏறும்மா என்று சொல்லி, தேடிக் கூட்டிப்போக ஆள் இல்லை.