பிரேக் தொடாத பயணம்

செவ்வாய் இரவு, திண்டிவனம் லாட்ஜ்.

பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தை எண்ணெய் அழுத்தமாகச் சேர்த்துவைத்து, பஸ் மறுபடி கிளம்பும்போது தள்ளிவிடும் என் ஹைட்ராலிக் கருவிக்கு இன்று சோதனை ஓட்டம். விழுப்புரத்தில் கிளம்பி இங்கு வரும்வரை கருவியின் அழுத்த மீட்டரில் முள் அசையவே இல்லை. டிரைவர் ஆறுமுகம் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெகுதூரம் முன்பே நியூட்ரலில் விட்டு, பஸ்ஸை உருட்டியே நிறுத்தினார்.

“உங்களுக்கு மைலேஜ் நல்லா வரணும்னுதான் சார், பிரேக்கே தொடாம ஓட்டிக்கினு வந்தேன்” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

பிரேக் பிடித்தால்தான் கருவி வேலை செய்யும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்ல மனம் வரவில்லை. இந்தப் பக்கம் வேலைக்கு வந்த இத்தனை மாதத்தில் எனக்காக ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்தது இது ஒன்றுதான்.

நாளைக்கும் அவரைத்தான் டியூட்டிக்குக் கேட்டிருக்கிறேன்.