எடுக்கக் கூடாத குதிரை

வியாழன், ஆகஸ்ட் 2004. மட்டாஞ்சேரி.

பக்கத்து வீட்டு ரஹீமின் கம்ப்யூட்டரில் இன்று எங்கள் சதுரங்கத் தொடக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது நகர்த்தலில் என் வெள்ளைக் குதிரை ஏறியதும் திரையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் எண் சட்டென்று கறுப்பின் பக்கம் சாய்ந்தது. அந்தக் குதிரையைக் கறுப்பு ராணி சும்மாவே எடுக்கலாமாம்.

பன்னிரண்டு வருடமாக, கிடங்கில் கூடி ஆடும் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் அதை எடுத்ததில்லை. எங்கள் ஆட்ட நோட்டில் சிவப்பு மையில் 'எடுத்தால் ராணி போச்சு' என்றிருக்கிறது. நூலகப் புத்தகத்தைப் பார்த்து அந்த நோட்டை எழுதியவன் நான். சந்தேகம் வந்து, வெள்ளையின் ஓரச் சிப்பாயை முதலில் தள்ளிவிட்டு, பிறகு குதிரையை ஏற்றிப் பார்த்தேன். அப்போது ராணி மாட்டுகிறது. புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது நான்தான் அந்தச் சிப்பாய் வரியை விட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மிளகுக் கிடங்கில் சேவியர் சேட்டனிடம் சொன்னேன். அந்தக் குதிரையிடம் அதிகம் தோற்றவர் அவர்தான்.  கேட்டதும் காய்களை அடுக்கி, "வா, களிக்காம்" என்றார்.

ஆறு நகர்த்தல் வரை கைகள் பழக்கத்தில் ஓடின. ஏழாவதில் குதிரையை வைத்தேன். எடுத்தார். ராணி மேலிருந்த விரலை விடாமல், "இனி எந்து செய்யும், முருகேசா?" என்றார்.

 கம்ப்யூட்டரில் எடுக்கலாம் என்பது வரைதான் பார்த்திருந்தேன். சாயா ஆறும்வரை இருவரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாளைக்குத் தொடரலாம் என்று, காய்களைக் கலைக்காமல் அப்படியே துணியால் மூடி வைத்திருக்கிறோம்.

கிளம்பும்போது சேட்டன், "கம்ப்யூட்டர்கிட்ட கேக்கண்டா, கேட்டோ" என்றார். கேட்க மாட்டேன் என்று தலையாட்டினேன்.

ரஹீம் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.