என் சொந்த அக்காவுக்கும் இதைத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். வழக்கம்போல நலமா என்று கேட்டு ஆரம்பிக்கலாம். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். போனில் மூன்று முறை சொல்லிவிட்டேன், மூன்று முறையும் சிரித்தாய். வீடியோவில் கூப்பிட்டு அழுதேன். "நல்லா நடிக்கிறேடா, இப்பத்தான் தேறியிருக்கே" என்றாய். என் கையெழுத்துக்கு நடிக்கத் தெரியாது, அக்கா. பள்ளிக்கூடத்தில் நீ பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அதே கோணல் கையெழுத்துதான்.

நாடக அரங்கின் ஒப்பனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மணிக்குக் காட்சி. இந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தால் என் வசனம் இருக்கும். தபால்காரன் வேடம், இரண்டே வரி. கண்ணாடியைச் சுற்றி எட்டு பல்பு, அதில் மூன்று எரியாது. எரிகிற பக்கம் கதாநாயகனுக்கு, எரியாத பக்கம் எனக்கு. பதினோரு வருடமாக இப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ பார்த்த அந்த வீடியோவில் டாக்டராக நடிக்கக் கூப்பிட்டதும் நான் ஏன் விழுந்தடித்து ஓடினேன் என்று உனக்குப் புரிய வேண்டும்.

முழுதாக ஒரு பக்க வசனம். நடுவில் வேறு யாரும் பேச மாட்டார்கள், என் முகம் மட்டும்தான். ஏதோ ஒரு அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில் மேஜையை நகர்த்திவிட்டு எடுத்தார்கள். பின்னால் தெரிகிற புத்தக அலமாரி துணியில் அச்சடித்தது. வெள்ளைக் கோட்டு தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் பிடித்து நாலு கிளிப் மாட்டினார்கள். உன் டாக்டர் கொஞ்சம் திரும்பியிருந்தால் துணி காயப்போட்ட கொடி மாதிரி இருந்திருப்பார்.

சர்க்கரைக்கு மாத்திரையே வேண்டாம், இந்தப் பொடி போதும் என்பதுதான் வசனம். அந்தப் பொடியை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கையில் கொடுத்த டப்பா காலி. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவும் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும், எந்த வார்த்தையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மூன்று தடவை எடுத்தும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. "சொல்றதை நீங்களே நம்பலையே சார்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வசனம் ஒட்டாமல் போனால், நமக்கு வேண்டிய ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவரிடம் சொல்வோம். நான் உன்னை நிறுத்தினேன். உடனே எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒரு வரி தானாக வாயில் வந்தது. "என் சொந்த அக்காவுக்கும் இதைத்தாங்க கொடுக்கிறேன்." அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்று சந்தோஷத்தில் பஸ்கூட ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தேன்.

அந்த ஒரு வரிக்காகத்தான் வீடியோ ஓடியது. லிஃப்டில் ஏறினால் ஆறாம் மாடிக்காரர் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார். இந்த ஊரில் பதினோரு வருடமாக என் முகத்தை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. தெருவில் நடையைக்கூட மாற்றிக்கொண்டேன், கொஞ்சம் மெதுவாக, டாக்டர் நடை. இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம்தான் உன் மகள் படம் அனுப்பினாள். உன் இடது கால் பெருவிரல். வீடியோவைப் பார்த்துப் பொடியை வாங்கி, இரண்டு மாதமாக நீ மாத்திரையைத் தொடவில்லை, சர்க்கரை நானூறைத் தாண்டிவிட்டது, விரல் கறுத்துக்கொண்டு வருகிறது, கேட்டால் செருப்பு கடித்தது என்கிறாய் என்று எழுதியிருந்தாள். அவள் கெஞ்சினால், "மாமாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்கிறாயாம். என்னிடம் சொன்னதற்காக அவளைத் திட்டாதே.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். அது வெறும் வசனம் என்றேன். "ஊருக்கு ஆயிரம் பொய் சொல்வே. என்னைச் சொல்லிப் பொய் சொல்வியா நீ?" என்று கேட்டாய். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். சொன்னேன், அக்கா. உன்னைச் சொல்லித்தான் பொய் சொன்னேன்.

அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நான்கு நாள் அலைந்தேன். பொடி விற்கிறவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் யார் யாரோ வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றின் கீழேயும் போய், இதில் இருப்பவன் நான்தான், நான் டாக்டர் இல்லை, நடிகன் என்று எழுதினேன். டாக்டர் ஐயாவின் படத்தைத் திருடி அவர் பேரையே கெடுக்கிறாயா என்று என்மேல் பாய்ந்தார்கள். போலி ஆசாமி என்று புகார் கொடுத்து என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். வேறொரு கணக்கில், கோட்டு இல்லாமல், என் பழைய சட்டையோடு உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போட்டேன். நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். அந்த டாக்டரைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் எத்தனை பேருடைய அக்காக்கள் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பஸ்ஸில் இடம் கொடுத்த அந்த அம்மா என்ன செய்தாரோ, தெரியாது. அவர்களுக்கெல்லாம் எழுத என்னிடம் முகவரி இல்லை. உன் முகவரி மட்டும்தான் இருக்கிறது.

நேற்று உன் கால் படத்தை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். நிஜ டாக்டர். அவர் கோட்டே போடவில்லை, சட்டைப் பையில் பேனா மைக்கறை. நிறுத்தி நிறுத்திப் பேசவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. என் முகத்தைக்கூட சரியாகப் பார்க்காமல், "இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கச் சொல்லுங்க. விட்டா விரலோட நிக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவரை யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் நாற்பத்தொரு பேர்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர் சொன்னதைக் கேள்.

நான் நடிக்கப் போகிறேன் என்றபோது வீடே சிரித்தது. நீ ஒருத்திதான் என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாய். அன்றிலிருந்து இன்று வரை என்னை நம்பிக்கொண்டே இருக்கிறாய். உன் காலில் விழுந்து கேட்கிறேன், இந்த ஒரு தடவை நம்பாதே. உன் மகளை நம்பு. நாளையே கிடைக்க இதைக் கூரியரில் போடுகிறேன்; படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு அவளோடு கிளம்பு. மாற்றுப் புடவையெல்லாம் அவள் எடுத்து வருவாள்.

சனிக்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. தபால்காரன் வேடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை வீட்டுக்கு வர மாட்டேன், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன். நீ அங்கே இருக்க வேண்டும். கட்டிலில் இரண்டு காலையும் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, உன் ஆசை தீர என்னைத் திட்ட வேண்டும்.

டாக்டர் இல்லாத,
உன் தம்பி
வாலு