உங்க கேமராவுக்கு ஒரு கைப்பட்டை

என் மகா அப்பாவுக்கு,

சாரல் விழ ஆரம்பிச்சாச்சு. மேலகரத்தில் நம்ம வீட்டு மாடியில் காயப்போட்ட துணி எதுவும் காய மாட்டேங்குது. நீங்க இருந்திருந்தா இந்நேரம், "பேரருவியில தண்ணி எப்படி விழுதுன்னு பாத்துட்டு வாரேன்"னு வண்டியைக் கிளப்பியிருப்பீங்க. இந்த வருஷம் அதைச் சொல்லிட்டு நான் கிளம்புறேன்.

ஆமாங்க, நான்தான். அருவிக்கு முன்னாடி நீங்க நின்னு படம் எடுத்த இடத்துல, உங்க கேமராவோட இப்ப நிக்கிறது நான்தான்.

உங்க நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்கணும்னு அருவிக்கரை போட்டோகிராபர் எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க. போஸ்டர் இந்த மழையில ஒரு பொழுது தாங்காது, நான் ஒரு கடிதம் எழுதித் தாரேன், எல்லாரும் படிங்கன்னு சொல்லிட்டேன். அதனால நான் உங்ககிட்ட பேசுறதை அவங்களும் கேக்கப் போறாங்க. கேக்கட்டும். அவங்களுக்கும் இதுல சேதி இருக்கு.

முதல்ல என் கோபத்தைச் சொல்லிடுறேன். போன சீசன்ல நீங்க விழுந்த அன்னைக்கு, கேமராவை வீட்டுக்குக் கொண்டு வந்தது உங்க பக்கத்துலயே நின்னு படம் எடுக்குற ஆறுமுகம் அண்ணாச்சிதான். உள்ள வராம வாசல்லயே நின்னார். "பாசி வழுக்கிட்டு தாயி. கையை ஊனியிருந்தாம்னா பொழச்சிருப்பான். ரெண்டு கையாலயும் கேமராவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். பின்மண்டை படியில அடிச்சிட்டு"ன்னு சொல்லிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

கேமராவுல ஒரு கீறல் கூட இல்ல. அதைப் பீரோவுல சேலைக்கு அடியில போட்டுப் பூட்டினேன். என்னையும் மகாவையும் விட இது உங்களுக்குப் பெருசாப் போச்சான்னு நெனச்சு நெனச்சு எனக்கு வயிறு எரிஞ்சது. அழுகையை விட அந்த எரிச்சல்தான் அதிகமா இருந்ததுன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்களா?

சீசன் நெருங்குறப்ப அண்ணாச்சி மறுபடி வந்தார். "அவன் இடத்துல வேற ஆளு வந்து நிக்கப் பாக்கான். ஒன்னைக் கேக்காம விடக் கூடாதுன்னு வந்தேன். கல்யாண வீட்டுல பொம்பளையாளு பக்கம் பூரா நீதான எடுத்த? வாரியா?"ன்னு கேட்டார். மகாதான் எந்திரிச்சுப் போய்ப் பீரோவைத் திறந்து, கேமராவை எடுத்துத் துடைச்சு என் மடியில வச்சா. "நீ எடுக்கலன்னா இதை யாரும்மா எடுப்பா?"ன்னா. பதினோராம் வகுப்புப் படிக்குற பிள்ளைக்கு அவ்வளவு நிதானம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.

முதல் நாள் கழுத்துப் பட்டையோட போனேன். உங்களுக்குத்தான் அது ஆகவே ஆகாதே. "வண்டி மாடு மாதிரி கழுத்துல கயித்தப் போட்டுட்டுத் திரியச் சொல்லுதியா?"ன்னு கழற்றிப் போட்டவரு நீங்க. எனக்கும் அது சரிப்படல. குனிஞ்சா முன்னாடி போய் ஆடுது, ஈரத் தலைமுடியில சிக்குது. ஒரு தாய் இடுப்புல இருந்த பிள்ளை எட்டிப் பட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு பாருங்க, நான் அப்படியே முன்னால சாஞ்சிட்டேன். கீழே படி, படியில தண்ணி. அந்த ஒரு நொடியில நீங்க என் கண்ணு முன்னாடி வந்துட்டீங்க.

பட்டையைக் கழற்றிப் பையில வச்சேன். அதுக்கப்புறம் கேமராவை வெறுங்கையால பிடிக்க வேண்டியதாப் போச்சு. விரல் மரத்துப் போற அளவுக்கு இறுக்கிப் பிடிச்சிருந்தேன். அப்பத்தான் தோணுச்சு, கழுத்தும் வேண்டாம், வெறுங்கையும் வேண்டாம், மணிக்கட்டுல மாட்டுற பட்டை ஒண்ணு வேணும்னு.

தென்காசியில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில கேட்டேன். கலர் கலரா மணி கோத்த பின்னல் கயிறு ஒண்ணைக் காட்டினான். "ஃபேஷனா இருக்கும்க்கா"ன்னான். ஒரு இழுப்பு இழுத்தேன், மணி ரெண்டு தெறிச்சு மேசைக்கு அடியில ஓடிட்டு. "ஃபேஷனுக்கு இல்ல தம்பி, பொழப்புக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மகா ஆன்லைன்ல ஒண்ணு வரவழைச்சா. கையில போடுற கயிறு என்னமோ விரல் தண்டிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கேமரா வளையத்துல கோக்குற இடத்துல இருந்தது வெறும் நூல். எனக்குச் சந்தேகம். ஜன்னல் கம்பியில பட்டையை மாட்டி, அந்த நூல்ல ஒரு வாளித் தண்ணியைத் தொங்கவிட்டேன். நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே நூல் அறுந்து வாளி விழுந்து அடுப்படி பூரா வெள்ளம். மகா சிரிச்சா பாருங்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. நீங்க போன பிறகு நம்ம வீட்டுல கேட்ட முதல் சிரிப்பு அது. நானும் ஈரத்துலயே உக்காந்து சிரிச்சேன்.

அப்புறம் ஒரு தோல் பட்டை பாத்தோம். கைக்குப் பதமா இருந்துச்சு. தண்ணியில ஊறப் போட்டா பழங்கந்தல் மாதிரி நெகிழ்ந்து போச்சு, காயவும் இல்ல. சாரல் காலத்துக்கு அது எப்படிச் சரிவரும்?

கடைசியில கிடைச்சது அகலமான நைலான் பட்டை. முனையில குறுக்கும் நெடுக்குமா அழுத்தமாத் தச்சிருக்கு. கோக்குற இடமும் நூல் இல்ல, அதே பட்டைதான். முக்கியமா, மணிக்கட்டுல இழுத்து இறுக்குறதுக்கு ஒரு கொக்கி இருக்கு. அது இல்லன்னா கையைத் தொங்கப்போட்டதும் பட்டை கழண்டு விழுந்திரும். கேமராவை மாட்டிக்கிட்டு, கட்டில் மெத்தைக்கு மேல கையை வீசு வீசுன்னு வீசிப் பாத்தேன். "எம்மா, சாமி வந்துட்டா?"ன்னு மகா கேட்டா. வாளியும் மத்தியானத்துலேருந்து விளக்கு வைக்குற நேரம் வரைக்கும் தொங்குச்சு. அசையல.

மறுநாள் அருவிக்கரையில உங்க கூட்டாளி மாரி பாத்துட்டான். "மதினி புதுசா வளையல் போட்டிருக்காவ டோய்"னான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைச்சது. என் கையில வளையலைக் கழற்றினது எல்லாருக்கும் தெரியுமே. முகம் செத்துப் போச்சு அவனுக்கு. பாவமா இருந்துச்சு. "கறுப்பு வளையல்தாம்லே. கைக்கு நல்லா இருக்கா?"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கு மதினி"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

போன ஞாயித்துக்கிழமை நடந்ததைத்தான் உங்ககிட்ட சொல்லணும்.

கூட்டம்னா கூட்டம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி யாபாரம் பண்ணுற ஒரு அக்கா, மருமகளோட வந்திருந்தாங்க. குளிச்சு உடுத்தி, நெத்தி நிறையத் திருநீறு பூசிட்டு, "ஏட்டி, அருவி பூரா தெரியணும், நானும் ஒல்லியாத் தெரியணும்"னாங்க. சிரிச்சுக்கிட்டே ஒரு எட்டு பின்னால வச்சாங்க. பாசி. கால் போயிட்டு.

நான் யோசிக்கவே இல்லங்க. ரெண்டு கையும் கேமராவை விட்டுட்டு அவங்க கையைப் பிடிச்சிருச்சு. பாரம் என்னையும் இழுத்து, ரெண்டு பேரும் படியில பொத்துன்னு உக்காந்தோம். கேமரா மணிக்கட்டுலயே கிடந்து என் தொடையில இடிச்சுது.

"ஏட்டி, ஒன் கேமரா! கேமராவப் பாரு!"ன்னு அந்த அக்கா கத்துறாங்க.

"அது கெடக்கு. ஒங்களுக்கு எங்கயும் அடிபட்டுச்சாக்கா?"

"எனக்கென்ன, நானே ஒரு தக்காளி மூட்டைதான. நீ ஏன் அழுத?"

நான் அழுறது அவங்க கேட்ட பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. அவங்க மருமக தன் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைச்சுவிட்டா.

எனக்கு அங்கதான் விளங்குச்சு. கை முந்திக்கிடுது, புத்தி பின்னாடிதான் வருது. கையில இருக்குறதை அது இறுக்கிப் பிடிச்சுக்கிடும், இல்ல எதிர்ல இருக்குறதைப் பிடிக்கும். நீங்க எங்களையும் கேமராவையும் தராசுல வச்சுப் பாக்கல. பாக்க உங்களுக்கு நேரமே இருந்திருக்காது. அன்னைக்கு உங்க மணிக்கட்டுல இப்படி ஒண்ணு இருந்திருந்தா... சரி, அதை விடுங்க. என் வயித்தெரிச்சல் அந்தப் படியிலயே இறங்கிட்டு. இப்ப உங்களை நெனச்சா அழுகை மட்டும்தான் வருது. அது எவ்வளவோ மேல்.

அந்த அக்காவுக்குப் படம் நல்லா வந்துச்சு. ஒல்லியா மட்டும் தெரியல.

சாயங்காலம் மாரி வந்து, "மதினி, இது எங்கன வாங்குனிய?"ன்னு மெதுவாக் கேட்டான். அவனுக்குப் பின்னால இன்னும் நாலஞ்சு பேர். கூட்டத்தோட கூட்டமா ஆறுமுகம் அண்ணாச்சி வேற, கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு. எல்லாருக்கும் சேர்த்து மகா ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருக்கா. பார்சல் வந்ததும் ஒவ்வொண்ணையும் வாளியில தொங்கவிட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு தாரேன். நம்ம ஆளு ஒருத்தரையும் கைப்பட்டை இல்லாம அந்தப் படியில நிக்க விடமாட்டேன். அண்ணாச்சிக்கும் அதே சட்டம்தான். முரண்டு பண்ணுறவனை எல்லாரும் பாக்க, "ஏலே, கையை நீட்டு"ன்னு அதட்டி நானே மாட்டிவிடுவேன். அப்ப மட்டும் நீங்க அங்கன இருந்து சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

மகாவைப் பெத்தவ,
உங்க செண்பகம்