சும்மாட்டை அனுப்பி வை

குடகு, 10-2-1982

அன்புள்ள மாதம்மாளுக்கு, உன் புருஷன் வேடியப்பன் எழுதுவது. ஜவ்வாது மலையில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? புளி உலுக்கியாயிற்றா?

காபி மூட்டை சுமந்ததில் கழுத்தெலும்பு விலகி, வலது கை மரத்துவிட்டது. அதனால் என்னோடு வேலை செய்யும் லாசர் எழுதுகிறான். ஆபரேஷன் என்றதும், "கத்தி வேணாம் சார், வேற இன்னா வழின்னாலும் செய்ங்க" என்று டாக்டர் காலில் விழுந்தேன். எலும்பை இழுத்து நிறுத்த, தாடையில் பட்டை மாட்டி, அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தலை சுமந்த மூட்டை இப்போது தலையை இழுக்கிறது, சிரிப்பாக இல்லை? விரல்கள்தான் அசையவில்லை. இந்த வாரமும் அசையாவிட்டால் கத்திதான்.

ஆஸ்பத்திரியில் மணி அடித்துவிட்டார்கள், லாசர் கிளம்ப வேண்டும். உன் பழைய சேலையில் சுருட்டிய சும்மாட்டை அனுப்பு. கழுத்துக்கு வைக்க அல்ல. அது இங்கே இருந்தால் நீ புளி மூட்டையைத் தலையில் ஏற்றமாட்டாய். இன்னொன்று சுருட்டிவிடாதே மாதம்மா, உன் காலிலும் விழுகிறேன்.